ஆறு சக்கர ஏடிவி: குலுக்கலைக் குறைக்க எந்த வழிக்குப் பணம் கொடுக்கலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான், லங்காப், ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துச் செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் ஆறு சக்கர ஏடிவி, அதாவது கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறு வண்டி, வைத்திருப்பவர்கள் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டு எழுதுகிறார்கள். வண்டி சதுப்பில் இறங்குகிறது, வாய்க்காலைக் கடக்கிறது, உர மூட்டைகளைச் சுமக்கிறது. ஆனால் அரை நாள் ஓட்டியவருக்கு மாலையில் இடுப்பு நிமிரவில்லை. டயரை மாற்றுவதா, இருக்கையை மாற்றுவதா, ஸ்பிரிங் பொருத்தித் தருவதாகச் சொல்லும் பட்டறையிடம் வண்டியை விடுவதா, அல்லது விற்றுவிட்டு ஸ்பிரிங் உள்ள வேறொன்றை வாங்குவதா என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

கேட்பவர்களிடம் இருப்பவை இரு வகை வண்டிகள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று தொட்டி வகை. இதன் உடல் படகு போன்ற பிளாஸ்டிக் தொட்டி. ஆறு சக்கரங்களும் சங்கிலியால் சுழல்கின்றன. திருப்புவதற்கு ஒரு பக்கத்துச் சக்கரங்களை மெதுவாக்கினால் வண்டி அந்தப் பக்கம் இழுபட்டுத் திரும்பும். கனடாவின் ஆர்கோ வண்டிகள் 1967 முதல் இந்த வகையில் பெயர் பெற்றவை. பெரும்பாலான தொட்டி வண்டிகளில் ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ கிடையாது. டயருக்குள் இருக்கும் காற்றுதான் ஸ்பிரிங். மற்றொன்று சேண வகை. மோட்டார்சைக்கிளைப் போல் காலை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, கைப்பிடியால் முன்சக்கரங்களைத் திருப்பி ஓட்டுவது. போலாரிஸ், கேன்-ஆம் நிறுவனங்கள் செய்த ஆறு சக்கர வண்டிகள் இவ்வகை. இவற்றில் சக்கரங்களுக்கு ஸ்பிரிங் உண்டு. குறை சொல்லி எழுதுபவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது தொட்டி வகை என்பதால் இந்தக் கட்டுரையும் பெரும்பகுதி அதைப் பற்றியே பேசுகிறது.

## எதை வைத்து எடை போடுவது?

குலுக்கல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் மூன்று தொல்லைகள். எஞ்சினிலிருந்தும் டயர்ப் பொத்தான்களிலிருந்தும் (தரையைக் கவ்வும் மேடுகள்) வரும் வேகமான நடுக்கம் ஒன்று. வண்டி முழுதும் தாளம் போட்டதுபோல் மேலும் கீழும் முன்னும் பின்னும் ஆடும் துள்ளல் இரண்டாவது. மண்ணில் புதைந்த மரக்கட்டையிலோ வாய்க்கால் கரையிலோ சக்கரம் மோதும்போது முதுகெலும்பில் இறங்கும் ஒற்றை அடி மூன்றாவது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது; சில வேளை அதைக் கூட்டியும் விடும். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான்.

ஆகவே ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது, அது மூன்றில் எதைக் குறைக்கிறது, திருப்பும் வசதியையும் சங்கிலியையும் பாதிக்கிறதா, வண்டி நீரில் மிதக்கும் தன்மை கெடுகிறதா, சேற்றிலும் மழையிலும் எவ்வளவு நாள் தாங்கும், பழுதானால் இங்கேயே சரிசெய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். விலையைக் கடைசியில்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் சொல்லும் விலை முழுச் செலவாக இருப்பதே இல்லை.

உடம்பைப் பற்றியும் ஓர் அளவு தெரிந்திருப்பது நல்லது. உட்கார்ந்திருக்கும் மனிதரின் முதுகெலும்பு, விநாடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் ஆடும் அதிர்வைத்தான் மிக அதிகமாக உணர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்த அதிர்வு நெறிமுறை, 8 மணி நேர வேலை நாளுக்கு அதிர்வின் முடுக்கம் 0.5 மீ/வி² அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 1.15 மீ/வி² அளவைத் தாண்டவே கூடாது என்றும் சொல்கிறது. அதைச் சரியாக அளக்கத் தனிக் கருவி வேண்டும். ஆனால் மாற்றம் செய்வதற்கு முன்பும் பின்பும் அதே பாதையில் அதே வேகத்தில், கைப்பேசியின் அதிர்வுமானிச் செயலியை ஓடவிட்டு, கைப்பேசியை இருக்கையின் அடித்தட்டில் இறுகக் கட்டி ஒப்பிட்டால், பணம் வேலை செய்ததா இல்லையா என்பதாவது தெரிந்துவிடும். இருக்கையை மாற்றுபவர்கள் மட்டும் உட்காரும் மெத்தையின் மேலும் வைத்து அளக்க வேண்டும்.

| வழி | நடுக்கம் | துள்ளல் | அடி | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| காற்றழுத்தம் | சிறிது குறையும் | குறையும் அல்லது கூடும் | நன்றாகக் குறையும் | டயர் விளிம்பு கழலுதல், திருப்பக் கடினம் |
| புதிய டயர் | டயரைப் பொறுத்தது | சிறிது | குறையும் | ஆறும் மாற்ற வேண்டும், பஞ்சர் |
| மெத்தை | நன்றாகக் குறையும் | கூடலாம் | சிறிது | மழையில் ஊறுதல் |
| ஸ்பிரிங் இருக்கை | நன்றாகக் குறையும் | வேகத்தைப் பொறுத்தது | ஓரளவு | உயரம், துரு |
| ரப்பர் டிராக் | சில நேரம் கூடும் | குறையும் | குறையும் | எடை, எரிபொருள், தேய்மானம் |
| சக்கரங்களுக்கு ஸ்பிரிங் | குறையும் | குறையும் | நன்றாகக் குறையும் | மிதக்கும் தன்மை, சங்கிலி |

## காற்றழுத்தம்

கையில் ஒரு காசும் செலவாகாத வழி இதுதான். அதனால்தானோ என்னவோ யாரும் இதை ஒழுங்காகச் செய்து பார்ப்பதில்லை. பட்டறையில் காற்று அடிப்பவர் காரின் பழக்கத்தில் அடித்துவிடுகிறார். "கல்லு மாதிரி இருந்தாத்தான் பஞ்சர் ஆகாதுண்ணே" என்று அவர் சொல்வதில் தோட்டத்துக்காரருக்கும் ஒரு நிம்மதி. ஆனால் தொட்டி வகை வண்டிகளின் கையேடுகள் சொல்லும் அழுத்தம் பெரும்பாலும் 5 பிஎஸ்ஐ-யை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் காற்றழுத்த அளவு) ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். கார் டயருக்கான அளவுமானியில் 3 பிஎஸ்ஐ-க்கும் 5 பிஎஸ்ஐ-க்கும் வேறுபாடு தெரியாது. 0 முதல் 10 வரை மட்டும் காட்டும் சிறு அளவுமானி ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிறிய எண்களுக்குள் எவ்வளவு வேறுபாடு ஒளிந்திருக்கிறது என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். வண்டியின் எடையில் டயர் 25 மில்லிமீட்டர் நசுங்கி நின்றால், வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 3.2 முறை துள்ளும் இயல்புடையதாகிறது. 45 மில்லிமீட்டர் நசுங்கி நின்றால் அது 2.4 முறையாக இறங்குகிறது, அதாவது முதுகெலும்பு அஞ்சும் 4 முதல் 8 என்ற எல்லையிலிருந்து இன்னும் விலகுகிறது. வெயிலையும் மறக்கக் கூடாது. காலையில் 25 டிகிரியில் 3 பிஎஸ்ஐ வைத்த டயர், நண்பகலில் உள்காற்று 45 டிகிரியானால் ஏறத்தாழ 4.2 பிஎஸ்ஐ ஆகிவிடும். கார் டயரில் ஒரு பிஎஸ்ஐ கூடுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இங்கே அது நாற்பது விழுக்காடு. காலையில் மென்மையாக ஓடிய வண்டி மதியத்தில் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. எப்போதும் ஒரே நேரத்தில், வண்டி நிழலில் ஆறியிருக்கும்போது அளந்து வைக்க வேண்டும்.

இதற்கும் விலை உண்டு. அழுத்தம் குறையக் குறைய டயர் தரையை அகலமாகக் கவ்வும். தொட்டி வண்டி திரும்பும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபடுவதால், செம்மண் சாலையிலும் தாரிலும் திருப்பக் கை வலிக்கும், பெல்ட்டும் பிரேக்கும் சூடாகும். கடினமான தரையில் சட்டென்று திருப்பினால் டயர் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்று காற்று முழுதும் போய்விடும். ஈரச் சதுப்பில் இந்தத் தொல்லை குறைவு. இன்னொன்று, அழுத்தத்தைக் குறைத்தால் அடி குறையும், ஆனால் டயருக்குள் ஆட்டத்தைத் தணிக்கும் பொருள் எதுவும் இல்லாததால் துள்ளல் நீடிக்கும். ஒரு மீட்டர் இடைவெளியில் மேடு பள்ளங்கள் உள்ள பாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்கு ஏறத்தாழ 2.8 தள்ளல்கள் கிடைக்கும். அது வண்டியின் இயல்பான துள்ளலோடு ஒத்துப்போகும்போது வண்டி குதிக்கத் தொடங்கும். அப்போது 6 கிலோமீட்டருக்கு இறக்கினால் அதே பாதையில் குதிப்பு அடங்கிவிடும்.

நடுச் சக்கரங்களில் மட்டும் சற்று அதிகமாகக் காற்று வைத்தால் வண்டி அவற்றின் மேல் எளிதாகச் சுழலும் என்று சிலர் செய்கிறார்கள். சாலையில் அதிகம் ஓடுபவர்களுக்கு அது பயன்படும். ஆனால் முன்பின் ஆட்டம் கூடும். ஒரே பக்கத்துச் சக்கரங்கள் சங்கிலியால் ஒன்றாகச் சுழல்வதால் உருளும் சுற்றளவு வேறுபட்டால் சங்கிலி இழுபடும். கையேடு அனுமதித்தால் ஒழிய அதில் இறங்காமல் இருப்பதே என் விருப்பம்.

## புதிய டயர்

பக்கச் சுவர் மென்மையான, உயரம் கூடிய டயர் அடியை நன்றாக விழுங்கும். இதை நம் தோட்டங்களில் வாங்கத் தூண்டுவதைவிடத் தடுக்கும் காரணம் ஒன்று இருக்கிறது: செம்பனை மட்டையின் அடிப்பகுதி முள். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு இடையே அடுக்கினாலும், காம்புத் துண்டுகள் அறுவடைப் பாதையில் கிடக்கத்தான் செய்யும். காய்ந்த முள் மெல்லிய டயருக்குள் புகுந்து உடைந்து நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காற்று இரண்டு நாளில் மெல்ல இறங்கும். ஏற்கெனவே 3 பிஎஸ்ஐ-யில் ஓடும் டயரில் அரை பிஎஸ்ஐ இறங்கியது கண்ணுக்குத் தெரியாது, விளிம்பு கழலும்போதுதான் தெரியும். டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவத்தின் செலவையும் டயர் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தேய்ந்த இரண்டை மட்டும் மாற்றலாமா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: சங்கிலியால் பிணைந்த வண்டியில் அது கூடாது. ஒரு பக்கத்து மூன்று டயர்களின் சுற்றளவையும் ஒரே அழுத்தத்தில் அளவு நாடாவால் சுற்றி அளந்து பாருங்கள். புதியதும் பழையதும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் நாடா உண்மையைச் சொல்லிவிடும். உயரம் கூடிய டயர் போட்டால் பக்கத்துச் சக்கரத்தோடு உரசுகிறதா என்றும், வண்டியின் இழுவை குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய டயர்கள் வெடித்து, பொத்தான் தேய்ந்து, எப்படியும் மாற்றியாக வேண்டும் என்றிருப்பவர்களுக்கு இது நல்ல வழி. மற்றவர்கள் காத்திருக்கலாம்.

## மெத்தையா, ஸ்பிரிங் இருக்கையா?

தொட்டி வண்டியின் பழைய இருக்கையில் கூடுதல் மெத்தை போடுவது மலிவு. பால்மரம் வளர்த்த நாட்டில் லேடெக்ஸ் நுரைக்குப் பஞ்சமில்லை. மெத்தைக் கடையில் வெட்டித் தருவார்கள். எஞ்சின் நடுக்கத்துக்கு அது போதும். ஆனால் சாதாரண நுரை மெத்தை விநாடிக்கு 4 முறையை ஒட்டிய ஆட்டத்தைக் குறைப்பதற்கு மாறாகப் பெருக்கிக் கொடுக்கும், அதாவது முதுகெலும்புக்கு ஆகாத இடத்தில்தான் அது தவறு செய்கிறது. தடிமனான மெத்தையில் சுகமாக உட்கார்ந்து, மாலையில் முன்பைவிட அதிக வலியோடு இறங்குவது இதனால்தான். போடுவதானால் மெல்லியதாக, சற்று இறுக்கமாகப் போடுங்கள். லேடெக்ஸ் வெயிலிலும் எண்ணெயிலும் கெட்டுவிடும். மழையில் ஊறினால் ஒரு வாரமானாலும் காயாது. மேலே நீர்புகாத உறையும், கீழே நீர் வடிய ஓட்டையும் வேண்டும்.

டிராக்டரிலும் ஃபோர்க்லிஃப்டிலும் இருப்பது போன்ற ஸ்பிரிங் இருக்கைக்கு வருவோம். ஈப்போ, கிள்ளான் பக்கத்து ஃபோர்க்லிஃப்ட் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 1.5 முறை ஆடும் இயல்புடைய இருக்கை, 2.1 முறைக்கு மேற்பட்ட அதிர்வைத்தான் குறைக்கும். அதற்குக் கீழானதைக் கூட்டும். இது இயற்பியல், எந்தக் கடைக்காரராலும் மாற்ற முடியாது. ஆகவே டயரை மேலும் மேலும் தளர்த்தி, அதன் மேல் ஸ்பிரிங் இருக்கையும் போட்டால் இரட்டைச் சுகம் என்று எண்ண வேண்டாம். வண்டியின் துள்ளல் 2.4-க்கு இறங்கிவிட்டால் இருக்கைக்குச் செய்ய வேலை அதிகம் இருக்காது. டயர்களைக் கையேடு சொல்லும் மேல் அளவில் வைத்து, அதிகம் சாலையில் ஓடி, திருப்ப எளிதாக இருக்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்த இருக்கை கொடுத்த காசுக்குப் பலன் தரும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலில் எடைத் திருகு: பல இருக்கைகளில் ஓட்டுநரின் எடைக்கேற்பச் சரிசெய்யும் குமிழ் உண்டு. பருமனான மண்டோருக்காக (தோட்டக் கண்காணி) வைத்ததில் 55 கிலோ இளைஞர் உட்கார்ந்தால் இருக்கை அசையவே அசையாது. இளைஞருக்காக வைத்ததில் மண்டோர் உட்கார்ந்தால் ஒவ்வொரு கட்டையிலும் இருக்கை அடித்தட்டில் போய் முட்டும், அந்த முட்டல் ஸ்பிரிங் இல்லாத இருக்கையைவிட மோசமானது. வண்டியைப் பலர் மாற்றி மாற்றி ஓட்டும் தோட்டங்களில் இந்தக் குமிழை யாரும் தொடுவதில்லை என்பதை நினைவில் வைத்து வாங்குங்கள். அடுத்தது உயரம்: இருக்கையின் அடியில் உள்ள இயக்கத்துக்கு இடம் வேண்டும் என்பதால் ஓட்டுநர் உயர்ந்து உட்காருவார், தலைக்கும் பாதுகாப்புச் சட்டத்துக்கும் இடைவெளி குறையும், சரிவில் வண்டி கவிழும் வாய்ப்பு கூடும். பாகான் டத்தோ பக்கத்துச் சமதரைத் தோட்டங்களில் இது பெரிய குறையன்று. தாப்பா, பீடோர் மலைச்சரிவில் படிக்கட்டு நிலம் வைத்திருப்பவர்கள் இருமுறை யோசிக்க வேண்டும். மூன்றாவது துரு: கத்தரிபோல் மடங்கும் அந்த இயக்கத்துக்குள் உரத் தூளும் சேறும் புகுந்தால் விரைவில் இறுகிவிடும். மூடும் ரப்பர் உறை கிழியாமல் இருப்பதே இருக்கையின் ஆயுள்.

செலவில்லாத ஒரு மாற்றமும் உண்டு. தொட்டி வண்டியில் ஓட்டுநர் முன்சக்கரத்துக்கு அருகில் உட்காருவதால் முன்பின் ஆட்டம் முழுதும் அவர் மேல் விழுகிறது. உர மூட்டைகளைக் கடைசிச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிடாமல் நடுச் சக்கரத்தின் மேல் வைத்தால் ஆட்டம் குறைந்துவிடும்.

## ரப்பர் டிராக்

டயர்களின் மேல் ரப்பர் பட்டை மாட்டுவதை ஒரு சுக வழியாகச் சிலர் சொல்கிறார்கள். சிறு பள்ளங்களைப் பட்டை பாலம்போல் தாண்டிவிடும் என்பது உண்மை. புதைசேற்றுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் பட்டை கழலாமல் இருக்க டயரில் காற்று கூட்ட வேண்டியிருக்கும், எடை கூடும், எரிபொருள் கூடும், மட்டைத் துண்டுகள் இடையில் சிக்கும், கடினச் சாலையில் நடுக்கம் அதிகரிக்கும். சதுப்பில் புதைவதற்காக வாங்குங்கள், இடுப்புக்காக வாங்காதீர்கள்.

## தொட்டி வண்டிக்கு ஸ்பிரிங் பொருத்துதல்

இரும்பு வேலை தெரிந்த பட்டறைகள் ஆர்வத்தோடு முன்வருவது இதற்குத்தான், நான் மிகவும் தயங்குவதும் இதற்குத்தான். யோசனை தவறன்று. ஒரு பக்கத்து இரு சக்கரங்களை ஒரு தண்டில் கோத்து, தண்டின் நடுவில் ஆடும் அச்சு வைத்தால், ஒரு சக்கரம் 10 சென்டிமீட்டர் கட்டையில் ஏறும்போது வண்டியின் உடல் அந்த இடத்தில் 5 சென்டிமீட்டர்தான் உயரும். அடி பாதியாகிறது, ஸ்பிரிங்கே தேவையில்லை.

சிக்கல் சங்கிலியில் இருக்கிறது. தொட்டி வண்டியில் அச்சுகள் நகராத இடத்தில் பேரிங்கில் உட்கார்ந்திருக்கின்றன. சங்கிலியின் நீளம் அதற்கேற்ப அமைந்தது. சக்கரம் மேலும் கீழும் நகர்ந்தால் பற்சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் மாறும், சங்கிலி ஒருமுறை தளர்ந்து மறுமுறை இறுகும். தூரம் மாறாமல் இருக்க வேண்டுமானால் தண்டு ஆடும் அச்சும், சங்கிலியை ஓட்டும் பற்சக்கரத்தின் அச்சும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். அப்படி அமைக்கத் தெரிகிறதா என்று பட்டறையில் கேளுங்கள். "டென்ஷனர் (சங்கிலியை இறுக்கி வைக்கும் பாகம்) போட்டுக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால் வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடுவது நல்லது. அச்சு தொட்டியைத் துளைத்து வெளியே வரும் வட்ட ஓட்டை நீளமான பிளவாக மாற வேண்டியிருக்கும். நீர்புகாத சீல் அதில் நிற்காது. வண்டி இனி மிதக்காது, தயாரிப்பாளரின் உத்தரவாதமும் போய்விடும். நீரில் இறங்கவே இறங்காத, உத்தரவாதம் முடிந்த, உபரியாக நிற்கும் பழைய வண்டி ஒன்று இருந்தால் செய்து பார்க்கலாம். அன்றாடம் பிழைப்புக்கு ஓடும் வண்டியில் வேண்டாம்.

## சேண வகை வண்டிக்கு மாறுதல்

அண்மையில் எழுதியவர்களில் சிலர் வண்டியை நீரில் இறக்கியதே இல்லை என்றும், தோட்டத்து வாய்க்கால்களுக்கெல்லாம் பாலம் உண்டு என்றும் சொன்னார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. மிதக்கும் வசதிக்குக் கொடுத்த விலையை அவர்கள் இடுப்பால் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பிரிங் உள்ள சேண வகை அவர்களுக்கு எல்லா வகையிலும் பொருந்தும்: முன்சக்கரம் திரும்புவதால் மண் கிளறப்படுவதில்லை, சாலையில் கை வலிப்பதில்லை, காலை ஊன்றி எழுந்து நின்று அடியை முழங்காலில் வாங்கிக்கொள்ளலாம். இழப்புகளும் உண்டு. மட்கிய செடிகொடிகளால் ஆன மென்மையான கரி மண்ணில் தொட்டி வண்டி அளவுக்கு மேலே நிற்காது. மழைக்கு மறைவு இல்லை. பூச்சிமருந்துத் தொட்டியோடு இன்னும் இருவரை ஏற்றிச் செல்ல முடியாது.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வண்டிகளின் பின் ஸ்பிரிங் நிறைந்த சுமைக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. வெறும் வண்டியாகச் சுற்றிப் பார்க்கும் மேற்பார்வையாளருக்கு அது விறைப்பாகவே இருக்கும், மூட்டை ஏற்றியபின்தான் இளகும். ஷாக் அப்சார்பரின் கீழ் வளையத்தைத் தளர்த்தினால் ஸ்பிரிங் மென்மையாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. விறைப்பு எங்கும் சீராக உள்ள ஸ்பிரிங்கில் அந்த வளையம் வண்டி நிற்கும் உயரத்தை மாற்றுமே தவிர ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றாது. அளவுக்கு மீறித் தளர்த்தினால் வண்டி தாழ்ந்து, சுமையோடு கட்டையில் ஏறும்போது அடித்தட்டு முட்டும். ஆகவே விற்பனைக் கூடத்தின் தார்த் தளத்தில் ஒரு சுற்று வந்து முடிவு செய்யாமல், வண்டியை உங்கள் தோட்டத்துப் பாதைக்கே கொண்டுவரச் சொல்லி, முதலில் வெறுமையாகவும் பிறகு 50 கிலோ மூட்டைகள் நான்கைந்து ஏற்றியும் ஓட்டிப் பாருங்கள். அதற்கு ஒப்பாத விற்பனையாளரிடம் முன்பணம் கட்ட வேண்டாம்.